நற்செய்தி யாருக்கு விளங்கவில்லை?

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கடந்து மேலே போய்ச் சேரும் நேரம், முன்பின் அறியாத இருவர் பேசிப் பழகுவதற்குப் போதுமானது. அத்தகைய பயணம் ஒன்றில் நம் அருகே வாழைத் தோட்டக்காரர் ஒருவர் அமர்ந்திருந்தார். முதியவர். நெற்றியில் திருநீறு. நம் அங்கியைப் பார்த்துப் புன்னகைத்தார். மழை, மிளகு விலை, தோட்டத்துக்குள் புகும் காட்டுமாடு என்று பேச்சு வளர்ந்தது. பாதி மலை ஏறியபின் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். உங்க கோயில்ல ஆணியடிச்ச சாமிதான் நடுவுல இருக்காரு. தன்னையே காப்பாத்திக்க முடியாதவரு மத்தவங்கள எப்படிக் காப்பாத்துவாரு?”

நம்முடன் பங்கின் மறைக்கல்வி ஆசிரியரான இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். நாம் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். “ஐயா, அவர் மனுக்குலத்தின் பாவங்களுக்குப் பரிகாரப் பலியாகத் தம்மையே கையளித்தார். அதன் வழியாக நாம் மீட்புப் பெற்று, அருள் வாழ்வில் பங்கு பெறுகிறோம்” என்றார். பிழையற்ற விடை. மறைக்கல்வித் தேர்வில் முழு மதிப்பெண் பெறக்கூடிய விடை. பெரியவர் அதை மரியாதையோடு கேட்டார். “அப்படிங்களா தம்பி” என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ‘அப்படிங்களா’தான் இத்தனை ஆண்டுகால நம் மறைக்கல்விக்கு அவர் அளித்த மதிப்பெண்! இளைஞரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் கிறிஸ்தியல் பயின்ற நாமும் அன்று அதைவிட நல்ல விடை எதையும் சொல்லிவிடவில்லை. ‘பரிகாரப் பலி’, ‘மீட்பு’, ‘அருள் வாழ்வு’ ஆகிய சொற்களில் ஒன்றேனும் அந்தப் பெரியவரின் தோட்டத்திலோ வீட்டிலோ புழங்கும் சொல்லன்று. நாம் அவரோடு பேசவில்லை; அவர் முன்னிலையில் நமக்கு நாமே பேசிக்கொண்டோம்.

இரு தரப்பு வாதங்கள்

பிற சமயத்தவர்க்கு நற்செய்தியை விளக்குவது பற்றி நம் பங்குப் பேரவைகளில் பேச்செழும்போதெல்லாம் இரண்டு குரல்களைக் கேட்கிறோம். முதற்குரல் சினத்தோடு எழுகிறது: “பிரிந்த சபையினரைப் பாருங்கள். தெருத்தெருவாகப் போகிறார்கள், துண்டுப் பிரசுரம் தருகிறார்கள், ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறார்கள். நாம் மட்டும் ஏன் உறங்குகிறோம்?” இரண்டாவது குரல் அச்சத்தோடு எழுகிறது: “காலம் கெட்டுக் கிடக்கிறது. வாயைத் திறந்தால் மதமாற்றம் என்பார்கள். பள்ளி நடத்துகிறோம், மருத்துவமனை நடத்துகிறோம். அதுவே போதாதா?”

இரண்டுமே தவறு என்று நாம் துணிந்து கூறுகிறோம்.

ஒலிபெருக்கியை நாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தெருமுனையில் நின்று, “நீ பாவி, நீ வணங்குவது பேய்” என்று கூவுகிறவர் எவருக்கும் நல்ல செய்தி எதையும் சொல்லிவிடவில்லை. அடுத்தவரின் தாயைப் பழித்துவிட்டுத் தன் தாயின் பெருமையைப் பேசுகிறவனின் வீட்டுக்குள் எவர் நுழைவார்? பிற சமயங்களில் உண்மையானதும் தூயதுமான எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அதே ஆண்டில், சமய நம்பிக்கையில் எவரையும் வற்புறுத்தலாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது. இவை அச்சத்தால் பிறந்த தந்திரங்கள் அல்ல. இயேசுவே கைக்கொண்ட நெறி. தம்மை விட்டு விலகிப்போன செல்வந்த இளைஞனை அவர் அன்போடு நோக்கினார். ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தவில்லை.

வாய்மூடி இருப்பதே அறிவுடைமை என்போரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பள்ளியில் படித்து வெளியேறிய பிற சமய மாணவர் ஒருவரிடம் இயேசுவைப் பற்றி அவர் அறிந்தது என்னவென்று கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையையும் கேக்கையும் நினைவுகூர்வார். ஒழுக்கம் கண்டிப்பானது என்பார். பத்தாண்டுகள் நம் கூரையின்கீழ் இருந்தவர்க்கு நாம் தந்தது இவ்வளவுதானா? அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை நமக்கும் தந்திருக்கிறது. அவ்வுரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் வரையறுத்தது. அந்த வரையறைக்குள் நின்றே சொல்வதற்கு நமக்கு எவ்வளவோ இருக்கிறது. 2002ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தபோது நாம் பொங்கி எழுந்தோம். எதிர்ப்புக் கூட்டங்கள் நடத்தினோம். 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது, மகிழ்ந்தோம். அன்று போராடிக் காத்த பேச்சுரிமையை இத்தனை ஆண்டுகளில் எதற்குப் பயன்படுத்தினோம்? பூட்டைத் திறக்கப் போராடிவிட்டு, திறந்த வீட்டுக்குள் குடியேறாமல் இருப்பவரைப் போலல்லவா இருக்கிறோம்?

முதலில் கேள்வி, பிறகு விடை

ஒலிபெருக்கித் தரப்பும் மௌனத் தரப்பும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. நற்செய்தி என்பது ஒரு கேள்விக்கு விடையாகப் பிறக்கிறது என்பதை இருவருமே காணவில்லை. முதல்வர், எவரும் கேட்காத கேள்விக்கு உரத்த குரலில் விடை சொல்கிறார். இரண்டாமவர், கேட்பவர் எதிரே வந்து நின்றாலும் விடை சொல்ல மறுக்கிறார்.

திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்து பார்ப்போம். பெந்தெகொஸ்து நாளில் பேதுரு தாமாக மேடையேறவில்லை. சீடர்களிடம் நிகழ்ந்த மாற்றத்தைக் கண்டு மக்கள் திகைத்தனர். இதன் பொருள் என்னவென்று ஒருவரையொருவர் கேட்டனர். இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று சிலர் கேலியும் செய்தனர். அதற்கு விடையாகவே பேதுருவின் முதல் மறையுரை பிறந்தது. எத்தியோப்பிய அதிகாரியின் தேரில் பிலிப்பு ஏறி அமர்ந்ததும் அவர் அழைத்த பிறகுதான். இறைவாக்கினர் யாரைக் குறித்துப் பேசுகிறார் என்று அந்த அதிகாரியே கேட்டார். ஏதென்சு நகருக்குச் சென்ற பவுல் முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்தார். அறியாத தெய்வத்துக்கென அவர்கள் எழுப்பியிருந்த பீடத்தைக் கண்டார். அம்மக்கள் தம்மை அழைத்துக் கேட்டபின் அந்தப் பீடத்திலிருந்தே பேச்சைத் தொடங்கி, அவர்களுடைய கவிஞர்களையே துணைக்கழைத்தார். அங்கும் சிலர் நகைத்தனர். சிலர் பிறகு கேட்போம் என்றனர். மிகச் சிலரே நம்பினர். பவுல் அதற்காக எவரையும் சபிக்கவில்லை. உள்ளத்தில் உள்ள நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிற எவருக்கும் பணிவோடும் மரியாதையோடும் விடை அளிக்க எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்பதே பேதுருவின் முதல் திருமுகம் நமக்கு இடும் கட்டளை.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரை இதையே இரண்டு படிகளாக வகுத்துக் காட்டுகிறது. கிறிஸ்தவர்களின் வாழ்வைக் காண்போரின் உள்ளத்தில், ‘இவர்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள்?’ என்ற கேள்வி தானாக எழ வேண்டும், அது முதற்படி. எழுந்த கேள்விக்கு இயேசுவின் பெயரைச் சொல்லித் தெளிவாக விடை தர வேண்டும். அது இரண்டாம் படி. வாழ்வின்றிச் சொல் பயன்படாது. சொல்லின்றி வாழ்வும் முழுமை பெறாது.

சொல் எங்கே தவறியது?

சொல் தவறுவது நம் காலத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 1606ஆம் ஆண்டு இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தபோது, அங்கே கிறிஸ்தவராவது என்பது ‘பரங்கிக் குலத்தில்’ சேர்வதாக விளக்கப்பட்டு வந்தது. போர்த்துக்கீசியரைக் குறித்த ‘பரங்கி’ என்ற அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மதுரை மக்கள் விலகிப் போயினர். அவர்கள் மறுத்தது இயேசுவையா? அவரைப் பற்றி அவர்கள் கேட்கவேயில்லை! அந்நியரின் உணவையும் உடையையும் நடையையும்தான் மறுத்தனர். நொபிலி தமிழும் வடமொழியும் கற்றார், புலால் உணவை விட்டார், காவி உடுத்தார். அதற்காகத் தம் சொந்தச் சபையினராலேயே பழிக்கப்பட்டார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவருடைய முறைக்கு இசைவு தந்தபின்னரே அப்பூசல் ஓரளவு தணிந்தது.

1711இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர் அவ்வழியில் இன்னும் தொலைவு நடந்தார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரின் பொருளுணர்ந்து ‘வளன்’ என்று தமிழாக்கி, அப்புனிதரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாக்களில் தேம்பாவணியை யாத்தார். நம் திண்டுக்கல் பேராலயத்தை ‘வளனார் பேராலயம்’ என்று நாம் அழைக்கும்போதெல்லாம் ஒரு மொழிபெயர்ப்பின் வெற்றியை அறியாமலே உச்சரிக்கிறோம். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று பொதுநிலையினராகிய உங்களுக்கு உண்டு. முனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்றொரு நூலும் எழுதினார். வேதியர் என அவர் குறித்தது உபதேசியார்களை. குருக்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த அந்நாளில், ஊர் ஊராக நற்செய்தியை விளக்கியவர்கள் அங்கி அணியாத, குடும்பம் நடத்திய தமிழ் மக்களே. ‘அது சாமியார் வேலை’ என்று இன்று நாம் ஒதுங்கிக்கொள்வது நம் முன்னோரின் பெருமையை மறந்த பேச்சு.

சிலுவையை எப்படிச் சொல்வது?

பேருந்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். தன்னையே காப்பாற்றிக்கொள்ளாதவர் பிறரை எவ்வாறு காப்பார்? இக்கேள்வி பழிப்பன்று. கல்வாரியில் சிலுவையின் அடியில் நின்ற தலைமைக் குருக்களும் இதையே கேட்டனர். அவர்கள் ஏளனமாகக் கேட்டதைச் சிறுமலைப் பெரியவர் நேர்மையோடு கேட்டார்.

இன்று அவர் எதிரே அமர்ந்தால் நாம் இவ்வாறு சொல்லத் தொடங்குவோம்: “ஐயா, அநியாயமாகக் கொல்லப்பட்டவரை வணங்குவது நம் மண்ணுக்குப் புதிதா? நம் முன்னோர் நடுகல் நட்டார்கள். மதுரைவீரனை வணங்குகிறோம், கழுவேறிய காத்தவராயனைப் பாடுகிறோம். அதிகாரம் கொன்றுபோட்டவனை ஊர் மறக்காது என்பது தமிழனின் உள்ளுணர்வு. இயேசுவும் அப்படி அதிகாரத்தால் கொல்லப்பட்டவர். தச்சர், ஏழை, ஒதுக்கப்பட்டவரோடு உட்கார்ந்து உண்டவர், அதற்காகவே குற்றம் சாட்டப்பட்டவர். அவர் ஓடி ஒளிந்து தம்மைக் காத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தீயில் சிக்கிய பிள்ளையைத் தேடி உள்ளே நுழையும் தாய் தன்னைக் காத்துக்கொள்வதில்லையே! அது அவள் வலுவின்மையா? எங்கள் நம்பிக்கையில் புதியது இதுதான்: கொல்லப்பட்ட அவரைக் கடவுள் உயிரோடு எழுப்பினார். எழுந்து வந்தவர் பழி கேட்கவில்லை; இரத்தம் கேட்கவில்லை. தம்மைக் கைவிட்டு ஓடிய நண்பர்களிடம் வந்து, ‘உங்களுக்கு அமைதி’ என்றார். கடவுள் அடிப்பவர் பக்கம் இல்லை, அடிபடுபவர் பக்கம் இருக்கிறார். அடித்தவனையும் மன்னித்துத் திருத்தப் பார்க்கிறார். இதைத்தான் நாங்கள் நல்ல செய்தி என்கிறோம்.”

இது முழுமையான இறையியல் ஆகாது, நாம் அறிவோம். ஆயினும் கேட்டவர் அடுத்த கேள்வி கேட்பதற்கான கதவை இது திறந்து வைக்கும். விளக்கம் என்பது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதன்று.

பெரியவரின் இரண்டாவது கேள்வி

நாம் இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறோம். பேருந்திலிருந்து இறங்குமுன் பெரியவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். “கீழ ஒரு ஊருல என் கூட்டாளி செத்துப்போனான் சாமி. உங்க வேதக்காரன்தான். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அங்க கல்லறை ரெண்டு பக்கமா இருக்கு. இவங்களுக்கு இந்தப் பக்கம், அவங்களுக்கு அந்தப் பக்கம்னாங்க. எங்க ஊருலயும் ரெண்டு சுடுகாடுதான். அப்ப என்ன சாமி வித்தியாசம்?”

இக்கேள்விக்கு எந்தக் குருமடத்திலும் விடை இல்லை. எந்த உவமையாலும் இதை விளக்கிவிட முடியாது. முதற்கேள்விக்கு நாம் எவ்வளவு அழகாக விடை சொன்னாலும் இரண்டாவது கேள்வி அதை விழுங்கிவிடும். அடிபடுபவர் பக்கம் நிற்கும் கடவுளைப் பற்றிப் பேசிவிட்டு, அதே மக்களைச் சாவிலும் தள்ளிப் புதைக்கிறவர்களின் சொல்லை எவர் நம்புவார்?

இதை நாம் மிகைப்படுத்திக் கூறவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதியின் பெயரால் எழுப்பப்பட்ட சுவரைப் பற்றி நாளிதழ்கள் பலமுறை எழுதின. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் ஒரே ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர் சாதியால் பிரிந்து மோதினர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தவக்காலத்தில் நடந்தது அது! நொபிலி அடிகளாரின் பணியிலும் இக்குறை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. சொல்லின் தடையை வென்ற அப்பேரறிஞரின் காலம் சாதியின் தடையோடு உடன்பாடு செய்துகொண்டது. 1640ஆம் ஆண்டு முதல் ‘பண்டாரசாமிகள்’ என்றொரு தனிப் பிரிவினர் ஏற்படுத்தப்பட்டது அதன் விளைவே. அவர் காலத்து நிலைமையை அறிந்து அவரை மன்னிக்கலாம். நம்மை யார் மன்னிப்பார்?

நம் திண்டுக்கல் மறைமாவட்டம் 2003ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் உருவாயிற்று. அதே மாதம் 17ஆம் நாள் உரோமை சென்றிருந்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாடு திருச்சபையின் நற்செய்திப் பணிக்கே பெருந்தடை என்று எச்சரித்தார். நம் மறைமாவட்டம் தொட்டிலில் கிடந்தபோதே அதன் காதில் ஓதப்பட்ட சொல் அது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையும் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைப் பெரும்பாவம் என்றது. ஆவணங்கள் போதும். அவை கல்லறைத் தோட்டத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே போகவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. இக்குற்றத்தில் குருக்களாகிய நமக்கும் பங்குண்டு. ‘ஊர் அமைதி கெடும்’ என்று சொல்லி எத்தனை முறை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம்!

சிறுமலை வாழைக்கு விளம்பரம் தேவைப்பட்டதில்லை. உண்டவரே இது எந்த ஊர்ப் பழம் என்று கேட்பர். ஆனால் 1970களில் முடிக்கொத்து நோய் வந்து அம்மலையின் தோட்டங்களைச் சூறையாடியது. நோய் கண்ட மரத்தின் இலைகள் உச்சியில் கொத்தாக நெருங்கி நிமிர்ந்து நிற்கும், குலை தள்ளாது. அந்த மரத்தின் கன்றை எடுத்து நட்டால் அதுவும் நோயோடுதான் வளரும். வேரோடு தோண்டி அழித்துவிட்டு நல்ல கன்றை நடுவதைத் தவிர வேறு வழியில்லை. சாதியும் நமக்கு முடிக்கொத்து நோயே. தேரும் கொடியும் திருவிழாவுமாக உச்சியில் செழித்து நிற்கிறோம், கனியைக் காணோம். நோயுற்ற கன்றையே பிள்ளைகளின் திருமணப் பேச்சிலும் கல்லறைக் குழியிலும் மீண்டும் மீண்டும் நடுகிறோம்.

நோயற்ற கன்று நம்மிடம் இல்லாமலும் இல்லை. திண்டுக்கல் முத்தழகுப்பட்டியில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் நடக்கும் புனித செபஸ்தியார் திருவிழாவைப் பாருங்கள். ஆடுகளையும் கோழிகளையும் அரிசியையும் நேர்ந்துகொண்டு கொண்டுவருவோரில் பிற சமயத்தவர் ஏராளம். இரவு முழுவதும் சமையல் நடக்கும். ஆயிரமாயிரம் பேர் சாதியும் சமயமும் பாராமல் வரிசையில் அமர்ந்து உண்பர். நாம் ஆசை காட்டி அழைத்த கூட்டமன்று அது. உண்பவர்களிலேயே பலர் கொடுத்தவர்கள். சமாரியப் பெண்ணிடம் பேசுமுன் இயேசு தண்ணீர் கேட்ட கதையை அப்பந்தி நினைவூட்டுகிறது. அங்கே அமர்ந்திருக்கும் அன்பர் ஒருவர், “ஏன் இங்கே எல்லாருக்கும் ஒரே பந்தி?” என்று கேட்டால், “எங்கள் ஆண்டவர் அப்படித்தான் உண்டார்” என்று சொல்ல நம்மவருள் எத்தனை பேர் ஆயத்தம்? அவரே தொடர்ந்து, “ஒரே பந்தியில் உண்பவர்கள் ஏன் சில ஊர்களில் ஒரே மண்ணில் உறங்குவதில்லை?” என்று கேட்டால் என்ன சொல்வோம்?

ஆகவே பொதுநிலையினராகிய உங்கள்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, உங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். மறைக்கல்விச் சொல் ஒன்றையும் பயன்படுத்தாமல், வீட்டில் பேசும் தமிழில், ‘நான் ஏன் இயேசுவை நம்புகிறேன்’ என்று ஒவ்வொருவரும் சொல்லிப் பழகுங்கள். முதல் முறை நாக்குத் தடுமாறும். தடுமாறட்டும். இரண்டாவது, உங்கள் கல்லறைத் தோட்டத்தில் இரு பக்கம் இருக்குமானால், அடுத்து இறப்பவரிலிருந்து ஒரே வரிசை என்று ஊர்கூடி முடிவெடுங்கள். சுவர் இருந்தால் உங்கள் கையாலேயே இடியுங்கள். திருவிழாத் தேர் நுழையாத தெரு இருந்தால் வரும் ஆண்டு அத்தெருவிலிருந்தே அது புறப்படட்டும். குருவானவர் தயங்கினால் அவரையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

பிற சமயத்தவர்க்கு நற்செய்தி விளங்கவில்லை என்று நாம் இனியும் வருந்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிறுமலைப் பெரியவருக்கு அது நன்றாகவே விளங்கியிருந்தது. அதனால்தான் நம்மிடம் வித்தியாசத்தைத் தேடினார். மீண்டும் ஒருநாள் அவரோடு பயணம் செய்ய நேருமானால், முதற்கேள்விக்கு விடை சொல்ல நாம் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டோம். இரண்டாவது கேள்விக்கான விடை, இறைமக்களே, உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.